கிணற்று நீரில் நைத்திரேற்று 68: பிரதேச சபையிடம் எதைக் கேட்பது?

கிணற்றடி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் தெற்கு, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். மூன்று கிணறுகளின் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நைத்திரேற்று லீற்றருக்கு 42, 68, 81 மில்லிகிராம் என்று அறிக்கை. இதில் 68 வந்ததுதான் நாலைந்து வீடுகள் குடிக்க அள்ளும் கிணறு.

சனசமூக நிலையத்தில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். "யூரியாவைத் தடைசெய்யச் சொல்லித் தீர்மானம் போடுவோம்" என்பது ஒரு பக்கம். "குழாய்த் தண்ணி வந்தாச் சரி, தோட்டக்காரரில கை வைக்காதேங்கோ" என்பது மறுபக்கம். பிரதேச சபைக்கு மனு எழுத வேண்டும். இது உண்மையில் பசளையால் வந்ததா, மலக்குழியால் வந்ததா? சபையிடம் எதைக் கேட்டால் பலன் இருக்கும்? அதுவரை அந்த 68 கிணற்றை என்ன செய்வது?

---

நிலத்தடி பதில்:

முதலில் அறிக்கையின் அலகைப் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகத் தரும், சில நைத்திரேற்று-நைதரசனாகத் தரும். குடிநீர் எல்லை முதலாவதில் 50, இரண்டாவதில் சுமார் 11. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு. உங்கள் 68 நைதரசனாக இருந்தால் உண்மையில் அது 300. அப்படியானால் இந்த உரையாடலே வேறு. தாளில் எழுதியிருக்காவிட்டால் ஆய்வுகூடத்துக்கு அடித்துக் கேளுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு பரப்பு என்பது 253 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்து மழை வருடத்துக்குச் சராசரியாக 1250 மில்லிமீற்றர் அளவில். அதில் ஐந்தில் ஒன்று, 250 மில்லிமீற்றர், சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது என்று வைப்போம். ஒரு பரப்பில் இருந்து வருடத்துக்கு 63 கன மீற்றர் நீர். அந்த நீர் 50 என்ற எல்லையைத் தொட 3.2 கிலோ நைத்திரேற்றுப் போதும். அதாவது 0.7 கிலோ நைதரசன், ஒன்றரைக் கிலோ யூரியா. பரப்புக்கு ஒன்றரைக் கிலோ வேருக்குக் கீழே வடிந்தால் எல்லை தாண்டிவிடும். எங்கள் நிலம் எவ்வளவு இடம் கொடுக்காதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெங்காயத்துக்குப் பரப்புக்கு 5 கிலோ யூரியா, வருடத்துக்கு இரண்டு போகம் என்றால் உள்ளே போகும் நைதரசன் 4.6 கிலோ. செம்மண்ணில் 40 வீதம் வடிகிறது என்று எடுத்தாலும் 1.8 கிலோ, எல்லையைப்போல் இரண்டரை மடங்கு. ஆனால் மற்றப் பக்கத்தையும் போடுங்கள். ஒரு ஆள் வருடத்துக்குக் கழிக்கும் நைதரசன் சுமார் 4 கிலோ. ஐந்து பேர் உள்ள வீடு 20 கிலோ. பாதி வாயுவாகவும் குழிக்குள் மண்டியாகவும் போனாலும் மிச்சம் 10 கிலோ. வீட்டுக் காணி இரண்டு பரப்பானால் பரப்புக்கு 5 கிலோ! தோட்டத்தைவிடக் கூட. தோட்டம் பரந்து கிடக்கிறது, வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே "யார்" என்ற கேள்விக்கு ஊர் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. கிணறு கிணறாகப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு வழி: அதே கிணறுகளில் மலத்தால் வரும் ஈ.கோலை பற்றீரியாவையும் குளோரைட்டையும் சேர்த்துச் சோதியுங்கள். நைத்திரேற்று கூட, ஈ.கோலையும் இருந்து, பக்கத்துக் கிணறுகளைவிடக் குளோரைட் தூக்கலாக இருந்தால் மலக்குழியைச் சந்தேகிக்கலாம். தோட்டத்து நடுக் கிணற்றில் நைத்திரேற்று மட்டும் ஏறி நின்றால் பசளை அல்லது எரு. கடற்கரைப் பக்கம் குளோரைட் உவரினாலும் ஏறும், அங்கே இந்தக் குறி உதவாது. பற்றீரியா மாதிரிக்குக் கிருமி நீக்கிய போத்தல் தனியாக வேண்டும். நைத்திரேற்றுக்குச் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, இயன்றால் 24 மணிக்குள் கொடுங்கள்.

---

தறைப்பாத்தி பதில்:

யூரியாத் தடை கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2021 மே மாதம் இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள், நவம்பரில் கையெடுத்தார்கள். நெல்லும் தேயிலையும் பட்ட பாடு தெரிந்ததே. அதைவிடப் பெரிய சேதம், அதற்குப் பிறகு "பசளையைக் குறையுங்கள்" என்று எந்த விவசாயப் போதனாசிரியர் வாய் திறந்தாலும் தோட்டக்காரர் காதில் "தடை" என்றே விழுகிறது. மாட்டெரு, கோழி எரு போட்டால் கிணறு தப்பும் என்பதும் சரியல்ல. எருவில் உள்ள நைதரசனும் மண்ணில் நைத்திரேற்றாக மாறித்தான் பயிருக்குப் போகிறது, பயிர் எடுக்காதது கீழேதான் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நைத்திரேற்று நெறிமுறை, பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளில் எருவுக்கே ஹெக்டேயருக்கு 170 கிலோ நைதரசன் என்று எல்லை போட்டது. எங்கள் அளவில் பரப்புக்கு 4.3 கிலோ.

தோட்டத்தில் செய்யக்கூடியவை, செலவு குறைந்ததிலிருந்து:

தண்ணீர்தான் முதல். வெங்காய வேர் பெரும்பாலும் மேல் ஒரு அடிக்குள். அந்த ஒரு அடிச் செம்மண் பிடித்து வைக்கும் நீர் 30 மில்லிமீற்றர் அளவில், பரப்புக்கு ஏழரைக் கன மீற்றர். உங்கள் மோட்டர் 200 லீற்றர் பரலை 30 செக்கனில் நிரப்பினால் மணிக்கு 24 கன மீற்றர் இறைக்கிறது. அப்படியானால் பரப்புக்கு 20 நிமிடம் போதும். ஒரு மணித்தியாலம் விட்டால் மூன்றில் இரண்டு பங்கு நீர் வேரைத் தாண்டிப் போகும், முதல் நாள் போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு. பாத்தியைச் சிறிதாகக் கட்டினால் நிமிடம் இன்னும் குறையும். தூவல் முறை நல்லது, ஆனால் காற்றடிக்கும் வைகாசி, ஆனியில் பின்னேரத்தில் போட்டால் பாதி அடுத்த காணிக்குத்தான்.

இரண்டாவது, கிணற்று நீரிலேயே பசளை இருக்கிறது. நைத்திரேற்று அளவை 0.226 ஆல் பெருக்கினால் ஒரு கன மீற்றரில் எத்தனை கிராம் நைதரசன் என்று வரும். உங்கள் 68 கிணற்றில் 15 கிராம். ஒரு போகத்துக்குப் பரப்புக்கு 100 கன மீற்றர் இறைத்தால் ஒன்றரைக் கிலோ நைதரசன், மூன்றே கால் கிலோ யூரியாவுக்குச் சமம். முழுவதும் பயிருக்குச் சேராது. பாதியை மட்டும் கழித்தாலும் ஐந்து கிலோ போடுகிறவர் மூன்றரையோடு நிறுத்தலாம். முதல் போகத்தில் இரண்டு பாத்தியில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றைக் காப்பாற்று என்று கேட்பதைவிட, வீணாகப் போடும் யூரியாவின் காசைக் காட்டினால் ஆள் கேட்கும்.

மூன்றாவது, ஐப்பசி மழைக்கு முன்பு மண் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. ஆவணிப் பயிர் எடுத்தபின் மிஞ்சிய நைத்திரேற்று முதல் பெருமழையோடு கீழே போகிறது. குரக்கனோ இறுங்கோ நெருக்கி விதைத்தால் அதை உறிஞ்சி வைக்கும். பசுந்தாளாகச் சணல் போடுபவர்கள் கவனிக்க: அது தானே நைதரசனைச் சேர்க்கும் பயிர், உறிஞ்சி வைப்பதில் தானியம் அளவுக்கு வராது.

யூரியாவை இரண்டு தரத்தில் போடுவதை மூன்று, நாலாகப் பிரிப்பதும் உதவும். ஆனால் தண்ணீரைக் குறைக்காமல் இதை மட்டும் செய்வது வீண்வேலை.

---

வாசிகசாலை பதில்:

மனு யாருக்கு என்பதில்தான் வழமையாகப் பிழைக்கிறது. பிரதேச சபைக்கு யூரியா மேல் ஒரு அதிகாரமும் இல்லை. பசளை இறக்குமதியும் மானியமும் கொழும்பு. விவசாய விரிவாக்கம் பெரும்பாலும் மாகாணத்தின் கையில், அந்த மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் கலைந்தபின் தேர்தலைக் காணவில்லை. குடிநீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியது தொழிற்சாலை போன்ற பட்டியலிட்ட நடவடிக்கைகள்தான், வெங்காயத் தறை அதற்குள் வராது. 2000இல் நீருக்கு உரிமமுறை கொண்டுவரும் நீர்வளக் கொள்கையை அமைச்சரவை ஏற்றது. "தண்ணிக்கு வரி" என்ற எதிர்ப்பில் அது கிடப்புக்குப் போனது. அதன்பிறகு தோட்டக் கிணற்றைத் தொடும் எதையும் எந்தக் கட்சியும் விருப்பத்தோடு கையில் எடுத்ததில்லை.

சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய்க் கழிவு கலந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே விரல் நீட்ட ஒரு மின்னுற்பத்தி நிலையம் இருந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தச் சொன்னது. நைத்திரேற்றுக்கு அப்படி ஒரு முகம் இல்லை. தோட்டம் வைத்திருப்பவர், குழி வைத்திருப்பவர், குடிப்பவர் மூவரும் பெரும்பாலும் ஒரே வீட்டார். வாக்குக் கேட்டு வருபவர் எவரைத் திட்டுவார்? எண்ணெய்க்கு ஊர்வலம் போனது, நைத்திரேற்றுக்குப் போகாது.

குழாய் நீர்க் கதையும் தெரிந்ததே. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு வந்த திட்டம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை நம்பியது. கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள், அவர்கள் பக்கத்தில் நியாயமும் இருந்தது. கடைசியில் தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் என்று முடிந்து 2024இல் திறக்கப்பட்டது. குழாய் வந்தால் குடிக்கும் பிரச்சினை தீரும், நிலத்தடி நீர்ப் பிரச்சினை தீராது.

சபையின் கையில் உண்மையாக இருப்பது மலக்குழிதான். புதிய வீட்டுக்குக் கட்டட அனுமதி கொடுப்பது சபை. கழிவகற்றும் பவுசர் ஓட்டுவதும் சபை. ஆகவே மனுவில் யூரியா என்ற சொல்லே வேண்டாம். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: சுண்ணாம்புக் கல் வரை தோண்டிய அடியில்லாக் குழிக்கு இனி அனுமதி இல்லை, அடியும் சுவரும் பூசிய நீர்புகாத் தாங்கி கட்டாயம், ஏற்கனவே உள்ள வீடுகளுக்குப் பவுசர் முறை அட்டவணை போட்டு, வறிய வீட்டுக்குக் கட்டணம் குறைத்து. பவுசர் அள்ளியதை எங்கே கொட்டுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அது பதிலில்லாமல் விடப்படும் கேள்வி, அதனால்தான் கேட்க வேண்டும்.

---

தறைப்பாத்தி பதில்:

இதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். யூரியாவை மனுவில் சேர்க்காமல் விட்டால் 81 வந்த கிணற்றை யார் பார்ப்பது? தோட்டத்து நடுவே உள்ள கிணறென்றால் பவுசரால் அது இறங்காது. சபைக்கு ஒரு மனு, கமநல சேவை நிலையத்துக்குக் கமக்காரர் அமைப்பு மூலம் இன்னொன்று: பருவத்துக்கு ஒரு தரம் கிணற்று நைத்திரேற்றை அளந்து, அதைக் கழித்துப் பசளைச் சிபாரிசு எழுதித் தரும்படி. நைத்திரேற்றை அளக்கும் சோதனைப் பட்டை அவர்களிடமே இருக்கலாம்.

---

வாசிகசாலை பதில்:

சரி, இரண்டு மனு. ஒரே தாளில் மட்டும் வேண்டாம். இரு அலுவலகமும் மற்றவருக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடும்.

---

நிலத்தடி பதில்:

68 கிணற்றுக்கு விடை இன்னும் வரவில்லை. நைத்திரேற்றைப் போக்கவென்று கொதிக்க வைக்கவே வேண்டாம்: நீர் ஆவியாகும், நைத்திரேற்று நிற்கும், அளவு ஏறும். குளோரின் போடுவதும் மணல் வடியும் அதைத் தொடாது. சவ்வால் நீரை வடிக்கும் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும், ஆனால் சவ்வு தேய்ந்தால் வெளியில் தெரியாது. மாற்றும் தேதியை நம்பாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிந்த நீரையே சோதியுங்கள். ஆர்.ஓ. வெளியே தள்ளும் நீரைக் கிணற்றடியில் விடாதீர்கள், வாழைக்கு விடுங்கள்.

முதல் கவலை போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை, குறிப்பாக ஆறு மாதத்துக்குக் கீழ். மாவைக் கரைக்க இந்த நீர் வேண்டாம், குழாய் நீரோ போத்தல் நீரோ எடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த வழியில் ஆபத்து மிகக் குறைவு. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு. அந்த நாலைந்து வீடுகளில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இன்றே அறிக்கையைக் கொடுங்கள். மனு எழுதி முடியும்வரை அது காத்திருக்கத் தேவையில்லை.

---

கிணற்றடி எழுதியது:

அலகைக் கேட்டாயிற்று, நைத்திரேற்றாகத்தான் தந்திருக்கிறார்கள். மாதிரி எடுத்தது ஆவணியில். மனுவுக்கு இது போதுமா, மாரியில் திரும்ப எடுக்க வேண்டுமா?

---

நிலத்தடி பதில்:

குடிக்கும் கிணற்றுக்கு ஆவணி அளவே போதும், எல்லை தாண்டியாயிற்று. மனுவுக்கு மார்கழியிலும் ஒரு தரம் எடுங்கள், அதே நேரம், அதே ஆழம், இறைப்புக்கு முன். மழையோடு ஏறினால் மேலிருந்து கழுவி இறங்குகிறது. மழை நீர் கலந்து ஐதாகிக் குறைந்தால் அதுவும் எழுதி வையுங்கள், அடுத்த கூட்டத்தில் "இறங்கிவிட்டது" என்று ஒருவர் கட்டாயம் எழும்புவார். 42 வந்த கிணற்றையும் விட்டுவிடாதீர்கள்.