பிரீமியர் புரோ: மீடியா கேச்சை சி டிரைவிலிருந்து வேறு வட்டுக்கு மாற்றலாமா?

செம்பனைக்காட்டான், சுங்கை சிப்புட்:
வணக்கம். தோட்டத்துத் திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படம்பிடித்து, 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட மடிக்கணினியில் பிரீமியர் புரோ கொண்டு தொகுத்து வருகிறேன். சென்ற வாரம் தீமிதிக் காணொளியை எக்ஸ்போர்ட் செய்கையில் சி டிரைவில் இடம் போதாமல் பாதியில் நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால், விண்டோஸ் மறைத்துவைக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள், பிரீமியர் தன் வேகத்துக்காகச் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள் கொண்ட ‘மீடியா கேச் ஃபைல்ஸ்’ என்ற கோப்புறை மட்டும் 70 ஜிபியைப் பிடித்திருக்கிறது. ஈராண்டாக அதை எட்டிப் பார்க்காதது என் தவறுதான். அழித்தால் பழைய ப்ராஜெக்டுகள் கெட்டுவிடுமா? மூலக் காட்சிகள் உள்ள யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கிற்கே கேச்சையும் மாற்றிவிடலாமா?

ஒளிப்பெட்டி:
கெடாது, தம்பி. அதில் பெரும்பகுதி சிஎஃப்ஏ எனும் ஒலிக் கோப்புகளாகத்தான் இருக்கும். கேமரா சுருக்கிப் பதிந்த ஒலியைப் பிரீமியர் 32 பிட் அளவில் விரித்து எழுதிக்கொள்வதால், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி ஒரு மணி நேரத்திற்கே ஏறத்தாழ 1.4 ஜிபி ஆகிறது. பரிசம் முதல் விருந்து வரை ஓடும் பதிவுகளுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெக் கோப்புகள் டைம்லைனில் தெரியும் ஒலியலைகளுக்கானவை. மூலக் காட்சிகள் கைவசம் இருக்கும்வரை, அழித்தவற்றை மென்பொருளே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். எந்த ப்ராஜெக்டையும் திறக்காமல், எடிட் பட்டியலில் பிரிஃபரன்சஸ், அதனுள் மீடியா கேச் எனச் சென்று டெலீட் பொத்தானை அழுத்துங்கள். அதே வேகத்தில் ‘ஆட்டோ சேவ்’ கோப்புறையில் கைவைத்துவிடாதீர்கள். அங்கிருப்பவை ப்ராஜெக்டின் நகல்கள்.

பீடோர்க்காரன்:
அழிப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்கிற்கு மாற்றாதீர்கள். காட்சியைப் படிப்பதும் கேச்சை எழுதுவதும் ஒரே வட்டில் நடந்தால், அதன் முள் இரண்டுக்கும் இடையே ஓடி ஓடியே நேரத்தைத் தின்றுவிடும். கேச்சுக்கென்று சிறிய எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். கேச் கோப்புகளுக்கும் அவற்றின் டேட்டாபேஸுக்கும் தனித்தனி பிரவுஸ் பொத்தான்கள் உண்டு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வெளிவட்டின் டிரைவ் எழுத்து மாறினால் பாதை பொருந்தாது என்பதால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு ‘எம்’ போன்ற பின்வரிசை எழுத்தொன்றை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட நாட்களைக் கடந்த கேச்சைத் தானாக அழிக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

செம்பனைக்காட்டான்:
இருவருக்கும் நன்றி. அழித்துவிட்டு, கேச்சையும் டேட்டாபேஸையும் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். தீமிதி ப்ராஜெக்டைத் திறந்ததும் டைம்லைனில் ஒலித்தடம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டு சற்றுப் பதறித்தான் போனேன். இருபது நிமிடங்களில் உறுமி மேளத்தின் அலைகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எக்ஸ்போர்ட்டும் இம்முறை முழுமையாக முடிந்தது.