மரபணு வெளிப்பாடா, மெய்ப்பாடா?

மொழிபெயர்ப்புக் குழுவினர்க்கு வணக்கம். எச்.ஐ.வி. தொற்றால் நேரும் டிமென்ஷியாவை, அதாவது நினைவும் சிந்தனையும் குன்றும் நிலையை, பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மரபணுவிலுள்ள தகவல் ஆர்.என்.ஏ.வாகவும் புரதமாகவும் உருப்பெறும் ஜீன் எக்ஸ்பிரஷனை ‘மரபணு வெளிப்பாடு’ என்று எழுதினேன். ஆனால் ஒரு பொருளின் தாக்கத்துக்கு உள்ளாவதாகிய எக்ஸ்போஷரையும் நம்மில் பலர் வெளிப்பாடு என்றே எழுதுவதால், ‘டாட் புரத வெளிப்பாட்டால் மூளைச் செல்களின் மரபணு வெளிப்பாடு மாறுகிறது’ என்றொரு வாக்கியம் பிறந்துவிட்டது (டாட் என்பது எச்.ஐ.வி. வைரஸின் புரதம்). அச்செல்கள் டாட் புரதத்தை உண்டாக்கினவா, வெளியிலிருந்து வந்த அப்புரதத்தின் தாக்கத்துக்கு உள்ளாயினவா என்பதை மாணவர் எப்படி அறிவார்?

*

ஐயா, ‘மரபணு மெய்ப்பாடு’ என்க. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதையே தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார், டி.என்.ஏ.வில் உறைந்திருப்பது ஆர்.என்.ஏ.வாகவும் புரதமாகவும் உருக்கொள்வது அதுவேயன்றோ? மேலும், உயிர் ஏறாத மெய் தனித்து இயங்காதது போலவே, ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படாத மரபணுவும் வாளா கிடக்கிறது.

*

உவமை அழகுதான். ஆனால் எதிலும் நாட்டமின்றி முகபாவம் குன்றுவது இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று. ‘மெய்ப்பாடு குறைந்தது’ என்றால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதா, மரபணுவைப் பார்ப்பதா? வைரஸ் நரம்பணுக்களுக்குள் பெருகுவதில்லை. தொற்றிய மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் குருதி–மூளைத் தடுப்பைக் கடந்து செல்ல, மூளையிலுள்ள பாதுகாப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்களிலும் மைக்ரோகிளியாவிலும் தொற்று நிலைக்கிறது. அவை வெளிவிடும் ஜிபி120, டாட் ஆகிய வைரஸ் புரதங்களும் அழற்சிப் பொருள்களுமே நரம்பணுக்களைச் சிதைக்கின்றன. ஆகவே எந்தச் செல் ஆக்குகிறது, எது தாக்குண்கிறது என்பதே பாடத்தின் உயிர்நாடி. ‘மரபணுச் செயலாக்கம்’ என்று எளிமையாகச் சொல்லலாமே.

*

‘செயலாக்கம்’ எனக்கு உடன்பாடன்று. ஆர்.என்.ஏ. மிகுந்தும் புரதம் மிகாத நிலை உண்டு. அங்கே எச்செயல் ஆயிற்று? டாட் புரதம் வைரஸ் ஆர்.என்.ஏ.வின் டார் என்னும் வளைந்த பகுதியைப் பற்றிக்கொண்டு, பி-டெஃப்பி என்னும் புரதக் கூட்டை வரவழைத்து, பாதியில் நின்றுபோகும் படியெடுப்பைத் தொடரச் செய்கிறது. இதைக் குறிக்கும்போது செயல், ஆக்கம், செயலாக்கம் மூன்றும் ஒரே பத்தியில் முட்டிக்கொள்கின்றன. சொல்ல மறந்தேன், டிமென்ஷியாவை ‘முதுமை மறதி’ என்று எவரும் திருத்த வேண்டாம். இது இளைஞரையும் தாக்கும்.

*

வேறு வழியின்றி முடிவு செய்தேன்: எக்ஸ்பிரஷன் ‘வெளிப்பாடு’ என்றே இருக்கட்டும், எக்ஸ்போஷரை ‘ஆட்படல்’ ஆக்கிவிட்டேன். நால்வர் ‘சரி’ என்று ஒற்றைச் சொல்லில் மறுமொழி தந்துள்ளனர்.

*

அடிக்குறிப்பிலேனும் மெய்ப்பாட்டைச் சேர்க்குமாறு மீண்டும் வேண்டுகிறேன். ‘ஆட்படல்’ என்பது அடியார்க்கு உரிய சொல். அதை வைரஸ் புரதத்துக்குக் கொடுத்தது குறித்து நாளை விரிவாக எழுதுவேன்.