நாளை இரவு பஸ்: அவர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

வைகைக்கரை:
மணிலாவுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நாளை இரவு பஸ்ஸில் என் காதலருடைய ஊருக்குத் தனியாகப் போகிறேன், அவர் இந்தப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். அவர் முன்பே போய்விட்டார். அவர் குடும்பத்தை இதுவரை பார்த்ததில்லை. வயல்காட்டு நடுவில் வீடு என்று சொல்வார். கையில் என்ன கொண்டுபோவது? அவர் அம்மாவை எப்படி அழைப்பது? அம்மா வாங்கித் தந்த அரக்குச் சிவப்புப் பட்டு இருக்கிறது, அதைக் கட்டிக்கொண்டு போகலாமா? இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கப்பல்காரன்:
தங்கையே, முதலில் தாள்களைக் கவனியுங்கள். இங்கே திருமணம் செய்வதென்றால் குடும்பச் சட்டம் 21ஆம் பிரிவின்படி, திருமணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று உங்கள் நாட்டுத் தூதரகம் தரும் சான்று வேண்டும். அந்தத் தாள்களைச் சேர்க்க நான் ஒரு மழைக்காலம் முழுவதும் நனைந்தபடி அலைந்தேன். நிலம் வாங்கும் பேச்சு வந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க இங்கே அரசியல் சட்டம் இடம் தராது.

வைகைக்கரை:
அண்ணா, திருமணம் பற்றி நான் கேட்கவில்லை. பட்டு கட்டலாமா?

லகுனா அக்கா:
எந்த மாகாணம் என்று சொல்லவில்லையே? இலோக்கானோ பேசும் ஊர் வேறு, பிசாயா பேசும் ஊர் வேறு. பொதுவாகச் சொல்கிறேன். பசலூபோங் இல்லாமல் போகாதீர்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் வீட்டாருக்குக் கொண்டுவரும் பண்டத்துக்கு அதுதான் பெயர். பெரியவர் கையை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்து "மானோ போ" என்று சொல்லுங்கள், நாம் காலில் விழுவது போல. அவர் அம்மாவைத் தீத்தா என்று அழைக்கலாம். அண்ணன் முறைக்குக் குய்யா, அக்கா முறைக்கு ஆத்தே.

பனங்காடு:
மானோ எல்லாம் வேண்டாம். மருமகளாகாமலே உரிமை கொண்டாடுவதாக நினைப்பார்கள். சாப்பாட்டைத்தான் யோசியுங்கள். நான் வந்த புதிதில் ஆறு மாதம் சோறும் வாழைப்பழமுமே தின்றேன். கீரைக்குழம்பு என்று நம்பி வாங்கினால் அதற்குள் பன்றிக்கறி இருக்கும்.

லகுனா அக்கா:
மானோ செய்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள், செய்யாவிட்டால்தான் மனதில் வைப்பார்கள். சாப்பாடும் அப்படி ஒன்றும் அந்நியமில்லை. நம் முருங்கைக்கீரையை மலுங்காய் என்கிறார்கள், தினோலா என்னும் இஞ்சி போட்ட கோழிச் சாற்றில் அதைப் போடுகிறார்கள்.

பனங்காடு:
மணிலாவில் கறிவேப்பிலைக்கு நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்பணம் கேட்டார்கள். தெருவில் குழந்தைகள் என்னைப் பார்த்து "பும்பாய்" என்று ஓடினார்கள், இந்தியர்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் இந்திய வட்டிக்காரர்களை வைத்து நம்மையெல்லாம் எடைபோடுகிறார்கள். இதையெல்லாம் எந்த நிறுவனமும் வேலைக்கு எடுக்கும்போது சொல்வதில்லை.

கப்பல்காரன்:
உண்மை. மணிலாவின் எட்சா நெடுஞ்சாலை நெரிசலில் என் இளமையே போயிற்று.

வைகைக்கரை:
மன்னியுங்கள், ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவருடைய பாட்டி மூன்று நாள் முன்பு தவறிவிட்டார். அவரை வளர்த்தவர் பாட்டிதான். நான் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்திருக்கும் என்று எண்ணினேன். உடல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, சனிக்கிழமைதான் அடக்கம் என்று இப்போது சொல்கிறார். ஊர் மணிலாவுக்குத் தென்கிழக்கே பிக்கோல் பக்கம், நாகா நகரத்திலிருந்து உள்ளே. நான் மீன் தின்பேன், பன்றியும் மாடும் தின்பதில்லை.

லகுனா அக்கா:
அம்மா, இதை முதலில் சொல்லக்கூடாதா? பட்டை மடித்து வையுங்கள். சாவு வீட்டில் சிவப்பு கூடவே கூடாது. வெள்ளையோ கறுப்போ, பூ இல்லாத எளிய சுடிதார் போதும்.

நம் ஊரில் அன்றைக்கோ மறுநாளோ எடுத்துவிடுகிறோம். இங்கே சவப்பெட்டியை வீட்டிலேயே வைத்து, தூரத்துப் பிள்ளைகள் வந்து சேரும்வரை பல இரவுகள் விழித்திருப்பார்கள். லாமாய் என்று பெயர். பெட்டியருகே யாராவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். வாசலில் சீட்டாடுவார்கள், முகம் சுளிக்காதீர்கள். ஆட்டக்காசில் ஒரு பங்கு வீட்டாருக்குப் போகும்.

போனவுடன் "நாக்கிகிராமாய் போ" என்று சொல்லுங்கள், உங்கள் துக்கத்தில் நானும் பங்கு என்று பொருள். பெட்டியின் கண்ணாடிமேல் கண்ணீர் விழக்கூடாது என்பார்கள். வீட்டைப் பெருக்க மாட்டார்கள். பல வீடுகளில் அந்த நாட்களில் அங்கே குளிக்கவும் தலைவாரவும் கூடாது. பஸ் அலுப்போடு நேரே குளியலறைக்குப் போய்விடாதீர்கள், கேளுங்கள், அண்டை வீட்டுக்கு அனுப்புவார்கள். சாவு வீட்டில் நாம் "போய்வருகிறேன்" என்று சொல்வதில்லை அல்லவா? இங்கே வீட்டார் வந்தவர்களை வாசல்வரை வந்து வழியனுப்புவதில்லை. அதை அவமதிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

கப்பல்காரன்:
அபுலோய், அதாவது சாவு வீட்டாருக்குக் கொடுக்கும் உதவிப் பணத்தை, பெரிதாகவே வையுங்கள். வெளிநாட்டவர் என்றால் எதிர்பார்ப்பார்கள்.

லகுனா அக்கா:
வேண்டாம். உறையில் 500 பேசோ வைத்து அவர் அம்மாவிடம் கொடுங்கள். பெரிய தொகை கொடுத்தால் அவர்களுக்குத்தான் கூச்சம். பசலூபோங்காக இனிப்புப் பெட்டி வேண்டாம். பிஸ்கட் டின்னும், சர்க்கரையும் பாலும் கலந்த காப்பித்தூள் பொட்டலங்களும் வாங்கிப் போங்கள். விழித்திருப்பவர்களுக்கு இரவெல்லாம் அதுதான் ஓடும்.

பனங்காடு:
துக்கம் என்று தெரியாமல் ஏதேதோ எழுதிவிட்டேன். பிக்கோலில் தேங்காய்ப்பாலும் மிளகாயும் போட்டுத்தான் சமைக்கிறார்கள், உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் லாயிங் என்னும் சேம்பிலைக் கூட்டில் பன்றி இருக்கிறதா என்று கேட்டுத் தின்னுங்கள். நீங்கள் பன்றி தின்பதில்லை என்று அவரையே வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லச் சொல்வது நல்லது. மணிலாவில் பரானியாகே பஸ் முனையத்திலிருந்தும் குபாவோவிலிருந்தும் நாகாவுக்கு இரவு பஸ் உண்டு, எட்டு முதல் பத்து மணி நேரம். உள்ளே குளிர் எலும்பை நடுக்கும், சால்வை எடுங்கள். நாகாவில் ஜீப்னி என்னும் பங்கு வண்டி, பிறகு டிரைசிக்கிள் என்னும் பக்கவண்டி பூட்டிய மோட்டார்சைக்கிள். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே புருவத்தை உயர்த்தினால் "ஆமாம்" என்று பொருள். நம்மைப் போல் தலையை ஆட்டினால் குழம்புவார்கள்.

வைகைக்கரை:
டிக்கெட் எடுத்துவிட்டேன். அவரை என்ன சொல்லித் தேற்றுவது என்றுதான் தெரியவில்லை.

லகுனா அக்கா:
எதுவும் சொல்ல வேண்டாம். அவர் இத்தனை இரவாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். வெள்ளி இரவு பெட்டியருகே நாற்காலி போட்டு நீங்கள் உட்காருங்கள். அவரைப் படுக்கச் சொல்லுங்கள்.