சி.எஸ்.ஆர் கொடுத்துவிட்டார்கள், எஃப்.ஐ.ஆர் எப்படி வாங்குவது?

வணக்கம். போன வாரம் வாசலில் நிறுத்தியிருந்த அப்பாவின் பைக் திருடு போய்விட்டது. ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ஒரு சி.எஸ்.ஆர் ரசீது தந்தார்கள், அவ்வளவுதான். இன்சூரன்ஸ்காரரோ எஃப்.ஐ.ஆர் நகல் இல்லாமல் பேசவே மாட்டேன் என்கிறார். சி.எஸ்.ஆர் என்பது மனு வாங்கியதற்கு அத்தாட்சி, வழக்குப் பதிவு ஆகாது என்பதே அப்புறம்தான் புரிந்தது.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பி.என்.எஸ்.எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவுப்படி நகலும் இலவசம். ஸ்டேஷனில் வழக்குப் பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

அப்படி அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சி.எஸ்.ஆர் ரசீதின் நகலையும் சேர்த்து அனுப்பினீர்களா? எத்தனை நாளில் பதில் வந்தது? அப்பா இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்.