புதுப்பிப்பு: மறைந்த நண்பரின் சிற்றுருவப் படைகள்

மறைந்த நண்பர் ஜார்ஜ்டவுன் வீட்டில் விட்டுச்சென்ற, வண்ணம் தீட்டிய போர்விளையாட்டுச் சிற்றுருவங்களை (மேசைமேல் போர் விளையாடப் பயன்படும் சிறு படைவீரர் பொம்மைகளை) எப்படிப் பிரிப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அவருடைய மனைவியும் நானும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அந்த வேலையை முடித்துவிட்டோம்.

நீங்கள் எச்சரித்தபடியே, மர அலமாரியில் இருந்த பழைய ஈய உருவங்கள் சிலவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மரத்திலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து ஈயத்தை அரித்துவிடுகிறது. அந்தப் பொடி நஞ்சு என்பதால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து அவற்றைத் தனியே எடுத்து வைத்தோம். பிளாஸ்டிக் உருவங்களுக்குச் சேதமில்லை.

என் கையை நிறுத்தியது, 1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் படைதான். செஞ்சட்டை அணிந்த பிரிட்டிஷ் அணிகளுக்கு நடுவே 95-ஆம் ரைபிள் படையினருக்கு மட்டும் கரும்பச்சைச் சீருடை. விரல் நீளம்கூட இல்லாத அந்த வீரர்களின் கறுப்புத் தோல்வாரைக்கூட நண்பர் தீட்டாமல் விடவில்லை. பார்வை மங்கிய கடைசி ஆண்டில் தீட்டியவற்றில் கோடுகள் சற்றே நடுங்குகின்றன. அவற்றைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, அது அவர் கை" என்றார் அண்ணி.

அந்த வாட்டர்லூ படை அண்ணியிடமே இருக்கும். மற்ற படைகளை, ஒன்றையும் உடைத்துப் பிரிக்காமல், நண்பரோடு சனிக்கிழமைதோறும் விளையாடிய இளைஞர்களிடம் ஒப்படைக்கிறோம்.