புதுப்பிப்பு: வைனுக்கு எந்த கிராபிக்ஸ் லேப்டாப்?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருந்தேன்: லினக்ஸில் வைன் (விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) வழியாக விண்டோஸ் கேமும் 3டி மென்பொருளும் ஓட்ட ஏ.எம்.டி.யா, என்விடியாவா? ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசரோடு வரும் ரேடியான் கிராபிக்ஸையே எடுத்தாச்சு. அதன் டிரைவர் லினக்ஸின் கெர்னலிலும் (மையப் பகுதி), மெசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. என்விடியா என்றால் அந்த நிறுவனத்தின் டிரைவரைச் சில நூறு எம்.பி. தனியாக இறக்கணும், மழைக்காலச் சிக்னலில் அது பெரும்பாடு. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால், கையொப்பமில்லாத டிரைவர் மாட்யூல் கெர்னலில் ஏறவும் ஏறாது.

ரேம் ஒற்றை 16 ஜிபி வேண்டாம், 8+8 என இரண்டாகப் போடுங்க. உள்ளமைந்த கிராபிக்ஸ் அதையே பங்குபோடுவதால், இரண்டு ரேமும் சேர்ந்து தரவு தரும்போது வேகம் நன்றாகவே தெரியும்.

பழையது வாங்குறவங்களுக்கு: விண்டோஸ் கேமின் டைரக்ட்3டி கட்டளைகளை வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாற்றித் தருவது டிஎக்ஸ்விகே; அதன் 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். இன்டெல் 4ஆம் தலைமுறையின் உள்ளமைந்த கிராபிக்ஸ் இதற்குத் தேறாது, பழைய டிஎக்ஸ்விகே 1.10.3தான் கதி.

வல்கன் விவரம் காட்டும் 'வல்கன்இன்ஃபோ' கட்டளையில் எல்எல்விஎம்பைப் என்ற பெயர் மட்டும் வந்தால், படம் வரைவது கிராபிக்ஸ் சிப் அல்ல, சிபியு. 64-பிட் கேம் ஓடி 32-பிட் கேம் மட்டும் படுத்தால், 32-பிட் வல்கன் டிரைவர் பேக்கேஜ் விடுபட்டிருக்கலாம்.