கெலி மீன் சாகவில்லை, ஆனால் முட்டை பொரிக்கவில்லை: வயல் மருந்துதான் காரணமா?

வாய்க்கால்கரை, பெனாகா
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு குளமும் நான்கு சிமெண்டுத் தொட்டியும் வைத்து ஐந்து வருஷமாக ஆப்பிரிக்கக் கெலி (கெளுத்தி இனம்) வளர்க்கிறேன், குஞ்சும் நானே எடுக்கிறேன். தண்ணீர் பக்கத்து வயல் பாரிட்டிலிருந்துதான், அதாவது வாய்க்காலிலிருந்து. போன இரண்டு போகமும் டிரோனில் பூச்சி மருந்து அடித்த பிறகு எடுத்த முட்டையில் பாதிக்கு மேல் வெளுத்துப் பூஞ்சை பிடித்துப் போனது. பெரிய மீன் ஒன்றுகூடச் சாகவில்லை, தீனியும் ஒழுங்காகத் தின்கிறது. முட்டை விட வைக்கும் ஓவாப்ரிம் ஊசி மீன் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லி, 11 மணி நேரம் கழித்து முட்டையைப் பிழிகிறேன், முன்பும் இதே கணக்குதான். ஆண் மீனை அறுத்துப் பார்த்தால் விந்துப்பை பால் மாதிரி தடித்து இருக்க வேண்டியது, ஒல்லியாகக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஊசி போலி என்கிறார் என் மாமா, மருந்துதான் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

மீன்கார அக்கா, பாயான் லெப்பாஸ்
தம்பி, மீன் சாகவில்லை என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லுகிற அளவு வேறு, இனப்பெருக்கத்தைக் கெடுக்கிற அளவு வேறு, இரண்டாவது ரொம்பக் குறைவு.

ஊசி முட்டையை உண்டாக்காது. மூளை தர வேண்டிய சைகையை அது தருகிறது, பிட்யூட்டரி ஹார்மோனை விடுகிறது, ஏற்கெனவே முதிர்ந்த முட்டை வெளியே வருகிறது, அவ்வளவுதான். மஞ்சள் கருவுக்கான புரதம் அதற்கு முன்பே, வாரக்கணக்கில், பெண் மீனின் ஈரலில் தயாராகி ரத்தம் வழியாக முட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நாட்களில் மருந்து கலந்த தண்ணீரில் மீன் கிடந்தால் எவ்வளவு நல்ல ஊசி போட்டும் பயனில்லை. மாலத்தியான் வகை மருந்து நரம்பு நொதியைத் தடுப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் இந்தியத் தேளி மீனில், அதுவும் கெளுத்தி இனம்தான், செய்த சோதனைகளில் சினைப்பையும் சுருங்கியிருக்கிறது. சைபர்மெத்ரின் இன்னொரு தினுசு, பைரத்ராய்டு வகை. சால்மன் ஆண்களில் பார்த்தார்கள்: பெண் மீன் தண்ணீரில் விடும் வாசனையை ஆண் மூக்கு பிடிப்பதில்லை, அதனால் விந்து கூடுவதும் இல்லை. நீங்கள் அறுத்துப் பிசைந்து சேர்ப்பதால் வாசனைப் பிரச்சினை உங்களுக்கு இல்லை, விந்துப்பை ஒல்லியாகக் கிடப்பதைத்தான் நான் கவனிப்பேன்.

பெட்டா பைத்தியம், செந்தூல்
அக்கா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் அண்ணே, ஐந்து வருஷமாக வெளியிலிருந்து தாய் மீன் வாங்கினீர்களா, இல்லை வீட்டுக் குஞ்சையே வளர்த்து அதையே திரும்பப் பிழிகிறீர்களா? உறவுக்குள்ளேயே கலந்தாலும் பொரிப்பு இப்படித்தான் விழும். மருந்து அடிக்காத மாதத்தில் என்ன ஆகிறது என்பதையும் எழுதவில்லையே.

நான் பட்டது வேறு. செகிஞ்சான் பக்கம் வயல் பாரிட்டில் தண்ணீர்ப்பூச்சி அள்ளி வந்து பெட்டா (சண்டை மீன்) குஞ்சுகளுக்குப் போடுவேன். ஒருநாள் போனால் வலையில் ஒன்றுமே இல்லை, அந்த வாரம் மருந்து அடித்திருக்கிறார்கள். பைரத்ராய்டு மீனைத் தொடுவதற்கு முன்பே தண்ணீர்ப்பூச்சியைத் துடைத்துவிடும். அதனால் குளத்தில் தானாகப் பொரிக்கும் ஹாருவான் (விரால்), புயு (பனையேறி) எல்லாம் முட்டையில் தப்பினாலும் பசியில் போகும்.

நெல்லுக்காரர் மகன், கெப்பாளா பத்தாஸ்
எங்களைத்தான் திட்டப்போகிறீர்கள் என்று பார்த்தால் பரவாயில்லை. அப்பா சின்ன வயசில் அறுப்பு நேரத்தில் வயலிலேயே செபாட் பிடித்துக் காயப்போட்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பார், இப்போது அந்த மீனைக் கடையில் வாங்குகிறோம். பூச்சி மருந்துகளில் குளோர்பைரிபாசும் கார்போபியூரானும் 2023 மே 1 முதல் நாட்டில் விவசாயத்துக்குத் தடை, எண்டோசல்பான் 2011இல் உலக அளவிலேயே, எளிதில் அழியாத நச்சுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் பெனா பேராங் பூச்சி, ஊரில் புகையான் என்பார்களே, அது வந்துவிட்டால் யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை, ஏதாவது ஒன்று அடிக்கத்தான் செய்வார்கள். சண்டைக்குப் போகாமல் டிரோன் ஓட்டுகிறவரிடம் டப்பாவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்கிற நாளை வாட்சப்பில் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். நான் பக்கத்துக் குளக்காரருக்குச் சொல்கிறேன், அவரும் அன்றைக்கு மதகை அடைத்துவிடுவார்.

மீன்கார அக்கா
அது நல்ல யோசனை. மதகு அடைத்தாலும் ஒன்று: பைரத்ராய்டு சேற்றில் ஒட்டிக்கொள்ளும், அதனால் குளத்தடிச் சேற்றைக் கலக்காதீர்கள். தாய் மீனைத் தனித் தொட்டியில் மழைத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ, குளோரின் போக ஒருநாள் வைத்த பிறகு, இரண்டு மாதம் வைத்துப் பிழியுங்கள். அதே ஊசி, அதே மீன். பொரித்தால் மாமா தோற்றார்.

வாய்க்கால்கரை
பெட்டா தம்பி, உண்மையைச் சொன்னால் வீட்டுக் குஞ்சுதான், மூன்று தலைமுறை. அதையும் சேர்த்தே பார்க்கிறேன்: ஒரு தொட்டியில் பழைய மீன், இன்னொன்றில் வெளியில் வாங்கிய மீன், இரண்டுக்கும் குழாய்த் தண்ணீர். தண்ணீரையும் சேற்றையும் எங்கே சோதிப்பார்கள் என்று பத்து மாவுங் மீன்வள ஆராய்ச்சிக் கழகத்தில் திங்கட்கிழமை கேட்கிறேன். மாமா இதைப் படித்துவிட்டுப் புது ஊசி வாங்க 80 வெள்ளி கேட்கிறார்.